நாற்பத்தேழாம் நம்பர்

ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு ரூபாய். இசக்கியம்மாவுக்கு நான் தரவேண்டியது அவ்வளவு. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நடுவட்டத்துக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடை போடுகிறவன் நான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றேன் என்று கைமெஷினை என்னிடம் கொடுத்தார்கள். ஆள் நம்பரை அடித்தால் தராசிலிருந்து எடை தானாக ஏறும். சாக்குக்காகக் கழிவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு கிலோ குறையும்.

47-க்கு மட்டும் மூன்று முறை அழுத்துவேன். இசக்கியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதற்கு முந்தின வருஷம்வரை எனக்கும்தான் தெரியாது.

மிஞ்சின இரண்டு கிலோவை என் சம்சாரத்தின் நம்பரில் ஏற்றுவேன். கிலோவுக்கு நாலு ரூபாய். இருநூற்று ஆறு நாள். ஆடி மழையில் காய்ச்சல் கண்டு இசக்கியம்மா செத்துப்போனாள். அவள் நம்பரையும் எடுத்துவிட்டார்கள்.

ஐப்பசியில் கோயமுத்தூரிலிருந்து விமல் என்கிற கம்ப்யூட்டர்காரர் வந்தார். மத்தியானம்தான், ஆனால் மூடுபனியில் எடை போடும் தகரச் செட்டுக்குள் லைட் போட வேண்டியிருந்தது. அவர் லேப்டாப் திரையில் எங்கள் மெஷின் பொத்தான்களோடு அப்படியே நின்றது.

"இது பொம்மை மெஷினுங்கண்ணா. தராசோடு சேர்க்கலை, உங்க ஆளுங்களையும் போடலை. புதுப் புரோகிராமை இதுல ஓட்டிப் பாத்துட்டுத்தான் நெஜ மெஷின்ல ஏத்துவோம். நீங்க தெனமும் அடிக்கற மாதிரியே அடிங்க."

அடித்தேன். 45. 46. 47.

விரல் தானாக மூன்று முறை கழிவை அழுத்தியது.

"ஏனுங்கண்ணா, இவருக்கு மட்டும் மூணு?"

"சாக்கு… ஈரமுங்க."

"சாக்கைக் கல்லுலயா தெச்சாங்க?" என்று சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

அப்போதுதான் ஈரக் கொழுந்து வாசம் வந்தது.

செட்டில் ஒரு இலைகூட இல்லை.

திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. 47, இரண்டு கிலோ. 47, இரண்டு கிலோ. யாரும் தொடவில்லை.

"நாப்பத்தேழுன்னு ஆளே இதுல இல்லீங்களே," விமலின் குரல் இறங்கிப்போனது.

முதுகுக்குப் பின்னால், காலித் தராசின் மேல் சாக்கு விழுந்த சத்தம்.

நான் திரும்பவில்லை.

இருநூற்று ஆறு வரி. அதோடு நின்றது.

சாயங்காலமே பணத்தோடு தொழிலாளர் லயத்துக்குப் போய், இசக்கியம்மாவின் மகள் தேவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேவி நிதானமாக எண்ணி வாங்கிக்கொண்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமுங்க. ஒரு நாள் கடைத் தராசுல சாக்கை வெச்சுப் பாத்தாங்க. 'இப்பத்தான் நாலெழுத்து கத்திருக்கான், நாலு பேர் முன்னால கேட்டா கூசிப்போயிருவான், விடு'ன்னுட்டாங்க."

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்பது வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் லேப்டாப்பில் அந்த வரிகள் ஒன்றுமில்லை. 47-க்கு நேரே ஒரு பூஜ்யம்.

"தானா சரியாயிருச்சுங்கண்ணா," என்றார் விமல்.

வேலைக்கு வந்த ஆட்களைப் பதிய நிஜ மெஷினைத் திறந்தேன். இன்னும் ஒருத்தரும் வேலைக்கு வரவில்லை.

47. ஆஜர்.