ஒருவழிக் கதவு

குளியலறை மூலையில், தண்ணீர் போகும் ஓட்டைக்கு மேல் இருந்த சல்லடை மூடி கோணலாக இருந்தது. காலையில் அவரே அதைத் துடைத்து நேராக வைத்து அழுத்தியிருந்தார். இப்போது அதன் ஒரு விளிம்பு தரையை விட்டு ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. மேலிருந்து யாரும் தொட்டிருக்க முடியாது. கீழ்த்தளத்தில் அவரைத் தவிர வேறு ஆளில்லை. எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலால் மிதித்து அமுக்கினார்.

தெருவிலேயே பள்ளமான வீடு அது. மழை பிடித்தால் தெருச் சாக்கடை நிரம்பி, நாற்பது வீட்டார் குளித்ததும் கழுவியதும் கழித்ததும் இவர் குளியலறையில் வந்து எட்டிப்பார்க்கும். இரண்டு மழைக்காலம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாளி வாளியாக அள்ளிக் கொட்டினார். பிறகு போன வருடம் ஒரு குழாய்க்காரரைக் கூட்டிவந்து, மாடிப்படிக்கு அடியில் குழி எடுத்து, வெளியே போகும் குழாயில் ஒரு வால்வைப் பொருத்தினார். உள்ளே ஒரு குட்டிக் கதவு. வீட்டுத் தண்ணீர் போகும்போது திறக்கும். தெருத் தண்ணீர் திரும்பி வந்தால் தானாக மூடிக்கொள்ளும். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. டார்ச் அடித்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து நியாயம் கேட்டாள். நீங்கள் அடைத்தால் அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குத்தானே வரும், தெருவே சேர்ந்து பெரிய குழாய்க்கு மனுக் கொடுக்கலாமே என்றாள். இவர் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"அவங்கவங்க அழுக்கு அவங்கவங்களுக்கு. என் வீட்டுக்குள்ள அது எதுக்கு?"

அதன்பிறகு தெருவில் ஒருவரும் அவரோடு பேசுவதில்லை. விட்டது தொல்லை என்றுதான் அவர் இருந்தார்.

குழாய்க்காரர் போகும்போது இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி, கதவில் சிக்கியிருக்கும் முடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைக்க வேண்டும். இல்லையென்றால் கதவு சரியாக மூடாது, இடுக்கு வழியே எதுவும் நுழைந்துவிடும். இதை அவர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். இரண்டாவது நன்றாக ஞாபகம் இருந்தது. "கதவு மூடியிருக்கறப்ப ஒரு சொம்புத் தண்ணிகூட ஊத்தாதீங்க சார். வெளிய போக வழி இருக்காது. வீட்டுக்குள்ளேயேதான் சுத்தும்."

மூன்று மணிக்குப் பிடித்த மழை விடவேயில்லை. நாலரைக்கு கரண்ட் போயிற்று. மாடியில் மனைவி படுத்திருந்தாள். போன வாரம் படியில் சறுக்கி விழுந்ததில் வலது தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஆள் பிடித்துத் தூக்காமல் கட்டிலை விட்டு அவளால் நகர முடியாது. தண்ணீரைத் திறந்துவிடாதே என்று படியடியில் நின்று கத்தினார். எழுந்து நடக்க முடிந்தால் உங்களை ஏன் நம்பிக் கிடக்கிறேன் என்று அவளும் கத்தினாள்.

அப்போது சுவருக்குள் தண்ணீர் இறங்கியது. மாடிக் குளியலறையிலிருந்து வரும் குழாய். ஒரு சொம்பு. கொஞ்ச நேரம் அமைதி. இன்னொரு சொம்பு. அவசரமில்லாமல், சோப்புத் தேய்த்துக்கொள்ள நேரம் விட்டு, யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள்.

கோபத்தோடு மாடிக்கு ஏறினார். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. வாளி கவிழ்த்தபடியே இருந்தது, குழாய் இறுக மூடியிருந்தது. ஆனால் வாசனை அடித்தது. சாக்கடை நாற்றமாக இருந்திருந்தால் நிம்மதிப்பட்டிருப்பார். வந்தது யார் யாருடைய சோப்போ, குழந்தைக்குப் போடும் பவுடர், காய்ந்த பால், மருந்துத் தைலம், எவரோ நாள்பட்ட நோயாளியின் தலையணை, எல்லாம் ஒன்றாகக் குழைந்து, கூட்டமான ஒரு சின்ன அறைக்குள் அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தியது மாதிரி மூச்சை அடைத்தது. அவர் வெளியே வந்து குளியலறைக் கதவை இழுத்து மூடினார்.

"கீழ நீங்கதான் குளிக்கறீங்கன்னு நினைச்சேன்," என்றாள் மனைவி. அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் அவருக்கு அதிகப் பயமாக இருந்தது.

டார்ச்சோடு கீழே இறங்கி மாடிப்படிக்கு அடியில் குனிந்தார். மூடிக்கு அடியில் குட்டிக் கதவு சாத்தியிருந்தது. தெருப் பக்கம் கறுப்புத் தண்ணீர் ததும்பி நின்றது. அசைவே இல்லை. இந்தப் பக்கம் குழாய் பாதி காலி.

டொக்.

கதவு அதிர்ந்தது. தெருத் தண்ணீரின் அழுத்தம் என்று நினைத்தார். மறுபடி பார்த்தார். கறுப்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

டொக். டொக்.

தட்டியது வீட்டுப் பக்கத்திலிருந்து.

அவருக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். கதவு மூடும் முன்பே எதுவோ உள்ளே வந்துவிட்டது. இப்போது திரும்பிப் போக வழியில்லை. மூடியைக் கழற்றிக் கதவைக் கையால் தூக்கிப் பிடித்தால் போதும், அது போய்விடும். ஆனால் அந்த இடைவெளியில் தெரு முழுதும் உள்ளே வரும். ஹாலில் புதிதாகப் போட்ட மரத்தரை முழங்கால் அளவு பீத்தண்ணீரில் ஊறும். ஜன்னல் வழியாக நாற்பது வீடும் பார்த்துச் சிரிக்கும்.

மழை நிற்கட்டும் என்று முடிவுசெய்தார். தானாகத் திறக்கும்போது தானாகப் போகட்டும்.

மூடியின் அடிப்புறத்தில் ஈரமாக ஒரு உள்ளங்கை வந்து ஒட்டியது. விரல்கள் நீளநீளமாக இருந்தன. எண்ணவில்லை. எண்ணத் தைரியம் வரவில்லை.

சமையலறையிலிருந்து நிரம்பிய சிலிண்டரை உருட்டி வந்து மூடியின் மேல் நிறுத்தினார். தட்டல் நின்றது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சிரிக்கக்கூடத் தோன்றியது. பிறகு சுவருக்குள் சரசரப்புக் கேட்டது. இந்த முறை இறங்கவில்லை. ஏறியது. அவர் இடுப்பு உயரம். தோள். தலைக்கு மேல். கூரை.

மாடியில் டொக் டொக் என்று கதவு சத்தம்.

"என்னங்க," என்றாள் மனைவி மேலேயிருந்து. "பாத்ரூமுக்குள்ள நின்னு ஏன் தட்டறீங்க? தாழ்ப்பாள் உங்க பக்கம்தானே இருக்கு."

அவர் படிக்கு ஓடினார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவினார். வழுக்கியது. முட்டியில் அடி. எழுந்தார். ஓடினார்.

கட்டில் காலி.

போர்வை மடங்கக்கூட இல்லை. அதன் மேல் மாவுக்கட்டு கிடந்தது, தொடையிலிருந்து கணுக்கால் வரை, ஒரு கீறல் இல்லாமல், வெட்டப்படாமல், முழுசாக. உள்ளே கால் இல்லை. குனிந்து பார்த்தார். உட்புறம் ஈரமாக இருந்தது. குளியலறைக் கதவு விரியத் திறந்திருந்தது. தரை காய்ந்தே இருந்தது. அங்கே தண்ணீர் போகும் ஓட்டையின் அகலம் ஒரு சாண்கூட இருக்காது.

சுவருக்குள் எதுவோ இறங்கியது. மெதுவாக. கனமாக.

அவர் கீழே வந்தார். எப்படி வந்தார் என்று தெரியாது. மழை இரைந்துகொண்டிருந்தது. தெருத் தண்ணீர் குறையவில்லை. மூடியின் மேல் சிலிண்டர் நின்றது. அதன் அடியில், வீட்டுப் பக்கத்திலிருந்து, நகம் பிளாஸ்டிக்கைச் சுரண்டியது.

"என்னங்க."

அவள் குரல்தான். முப்பது வருடம் கேட்ட குரல். அதன் பின்னால் வேறு யார் யாரோ மூச்சுவிட்டார்கள்.

அவர் சிலிண்டரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். நகர்த்தவா, அழுத்தவா என்று அவருக்கே தெரியவில்லை. கைகள் அழுத்திக்கொண்டிருந்தன.

"மூடியை எடுங்க. கால் இப்ப வலிக்கவே இல்லைங்க."