விட்டுவைத்த இடைவெளி

கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்த தேனுஜாவுக்கு, தான் விட்டுவைத்த இடைவெளி குறைந்திருப்பது தெரிந்தது. இடுப்பை இறுக்கிச் சிறுக்கவைக்கும் பழைய ஐரோப்பிய உள்ளாடையான கோர்செற்றை நாடாவால் கட்டும்போது பின்விளிம்புகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, உள்ளங்கை அகலம் விடவேண்டும் என்று அவள் வேலை செய்யும் கொலோன் நகர நாடக அரங்கின் உடைப்பிரிவில் மேலாளர் மெலனி சொல்லித் தந்திருந்தாள். தேனுஜா அப்படித்தான் கட்டினாள். இப்போது இரண்டு விரல்தான் நுழைந்தது.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது, யாரும் அணியக்கூடாது என்று அரங்கில் தாளில் சுற்றி வைத்திருந்த அந்தக் கோர்செற்றைக் கேட்காமல் எடுத்துவந்திருந்தாள். களவுதான், வேறென்ன. கூறைச்சேலைக்குரிய பிளவுஸை யாழ்ப்பாணத்தில் தைப்பிக்க, மாப்பிள்ளையின் தாயான மாமி தொலைபேசியில் அளவு கேட்டார். மச்சாள்மாரும் கேட்டுக்கொண்டிருந்த வெட்கத்தில் தேனுஜா குறைத்துச் சொன்னாள். வந்துசேர்ந்த பிளவுஸின் கொக்கிகள் எட்டவேயில்லை. அதனால்தான் கூறை மாற்ற வந்ததும் தோழியை வெளியே அனுப்பிவிட்டு, மண்டபத்து அறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

சுவருக்கு அப்பால் நாதஸ்வரம் இழுத்துக்கொண்டிருந்தது. சந்தனத்தையும் மல்லிகையையும் மீறி, அந்தத் தடித்த பருத்தித் துணியிலிருந்து யாரோ ஒருத்தியின் புளித்த வியர்வை, கழுவியும் போகாத வியர்வை, மெல்ல மேலேறியது. திமிங்கிலத்தின் வாய்த்தகட்டைக் கீற்றுகளாக அரிந்து உள்ளே செருகியிருந்தார்கள். உடற்சூட்டில் அவை இளகி, அணிபவளின் வடிவத்துக்கு வளையும் என்பார்கள். இவை இளகவில்லை. அவளுடைய விலா எலும்புகள்தான் வளைந்தன.

கதவு தட்டப்பட்டது.

"பிள்ளை, ஐயர் பாத்துக்கொண்டிருக்கிறார். நான் உள்ளுக்கு வரட்டோ?"

மாமியின் குரல். பூட்டைத் திறந்தால் போதும். ஆனால் பொய்யளவு, களவு, பிதுங்கி நிற்கும் சதை, எல்லாவற்றையும் அவர் பார்ப்பார். நினைக்கவே அவளுக்கு முகம் எரிந்தது.

"வேண்டாம் மாமி. வாறன்."

முன்பக்க உலோகக் கொளுக்கிகளை நெருக்கிப் பார்த்தாள். அசையவில்லை. நாடாவைத் தளர்த்தினால்தான் அவை கழலும். கையைப் பின்னால் கொண்டுபோனாள். அவள் போட்ட முடிச்சு அங்கே இல்லை. நாடா துளைக்குத் துளை ஊர்ந்துகொண்டிருந்தது.

ஒரு விரல்.

இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தாள். தாலி கட்டும் வரைக்கும்.

விளிம்புகள் தொட்டன.

மானம் போனால் போகட்டும். மாமி என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றில்லை. பூட்டை நோக்கிக் கை நீட்டினாள். எட்டவில்லை. பின்னாலிருந்து எதுவோ இழுத்துப் பிடித்திருந்தது.

"பிள்ளை, உதவி ஏதும் வேணுமோ?"

பிடரிக்கு மிக அருகில், தேனுஜாவின் குரலிலேயே, ஒருத்தி பதில் சொன்னாள்.

"ஒண்டுமில்லை மாமி. நீங்கள் போங்கோ."

மாமியின் செருப்புச் சத்தம் விலகிப் போனது. கண்ணாடியில் தேனுஜா மட்டுமே தெரிந்தாள். இடுப்புக்குப் பின்னால் நாடாவின் இரு நுனிகளும் காற்றில் விறைத்து நின்றன. அவை இன்னொரு தரம் இழுபட்டன.