சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கோடு

மட்டையில் தோய்த்து வீசிய சுண்ணாம்பு, சுவரில் விழ வேண்டியது, தெருமுனை திரும்பிய பொன்னுதுரையின் முகத்தில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி இருந்ததால் கண் தப்பியது. மற்றபடி ஆள் பொங்கல் வீடு மாதிரி வெளுத்துப் போனான்.

"சுவருன்னு நினைச்சுட்டேன்," என்றாள் முத்துக்கனி.

"சுவரு நடந்து வருமா?"

"வெள்ளைச் சட்டை... அசையாத மூஞ்சி... நான் என்னத்தைக் கண்டேன்?"

கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தான். துடைத்த இடத்தில் அவளுடைய இரண்டு கண்கள் தெரிந்தன. ஐப்பசி மேகத்தைப் பிடித்து உள்ளே அடைத்து வைத்தாற்போல... எந்த நேரமும் கொட்டிவிடும் கண்கள். வந்த வேலை என்னவென்று பொன்னுதுரைக்குச் சற்று நேரம் மறந்துபோனது.

வந்த வேலை இதுதான். யுத்தம் முடிந்த மறுவருஷம் தாமிரபரணிக்குக் கரை உயர்த்த உத்தரவாகியிருந்தது. பழைய பெருவெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று விசாரித்துச் சுவரில் சிவப்புக் கோடு போட வேண்டும். கோட்டுக்குத் தக்கபடி கரை எழும்பும். தூத்துக்குடியிலிருந்து உயரம் அளக்கும் மட்டக்கோலும் சாய டப்பாவும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த ஓவர்சியர் அவன்.

ஊர்க்காரர்கள் தாராளமாகச் சொன்னார்கள். ஒருவர் பனை உச்சியில் அயிரை மீன் பிடித்தாராம். இன்னொருவருடைய எருமை கூரைமேல் நின்றே பால் கொடுத்ததாம். அந்த ஊரில் தண்ணீர் கலக்காத பால் அன்று ஒருநாள்தான் கிடைத்தது என்று சத்தியமும் செய்தார். பொன்னுதுரை மீனை நம்பவில்லை. எருமையைப் பாதி நம்பினான்.

கோடு போடச் சுவர் வேண்டுமே! கீழத்தெரு மண்வீடுகள் எல்லாம் அந்த வெள்ளத்தில் கரைந்து, பிறகு புதிதாய்க் கட்டியவை. பழைய காரைச் சுவர் ஊரில் ஒன்றே ஒன்றுதான். முத்துக்கனியின் அப்பா சங்கரபாண்டியனுடையது.

"வெள்ளமா?" என்றார் அவர். "தெருமுனை வரைக்கும் வந்துது தம்பி. நான் வாசல்ல நின்னேன். என்னைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டு."

அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆழ்வார்திருநகரியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். வெள்ளம் புகுந்த வீட்டில் பெண் எடுத்தால் தண்ணீரும் சீரோடு கூடவே வந்துவிடும் என்று அந்தப் பக்கம் பயம். மாப்பிள்ளையின் தாய்மாமன் முதலில் பெண்ணைப் பார்க்க மாட்டார். நகத்தால் சுவரைச் சுரண்டி, சுண்ணாம்புக்கு அடியில் வெள்ளக் கறை இருக்கிறதா என்று தேடுவார். அந்த வட்டாரத்துத் தாய்மாமன்களுக்கெல்லாம் வலது கட்டைவிரல் நகம் வெள்ளையாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரர் வாயால் சொல்லாமல் கோடு போடக்கூடாது என்பது மேலதிகாரி உத்தரவு. மழையோ இன்றோ நாளையோ என்று நின்றது. பொன்னுதுரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மட்டக்கோலை மறந்து வைத்துவிட்டு எடுக்க வருவான். எடுத்துக்கொண்டு, தாகம் என்று திரும்பி வருவான். நடுவில் இறங்கிக் கடக்க ஒரு வாய்க்கால் வேறு...

"ஆத்தை அளக்க வந்தவருக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள் முத்துக்கனி.

"கப்பல் மாதிரி நீந்துவேன்."

"கப்பல் முங்கவும் செய்யும்லா?"

சிரிக்கிறாளா, இல்லையா... அதுவே ராத்திரித் தூக்கத்தைத் தின்றது.

ஒருநாள் நேராகவே கேட்டான். "தண்ணி எங்கன வரைக்கும் ஏறிச்சுன்னு உங்களுக்குத் தெரியும்லா? கரை குட்டையா நின்னா கீழத்தெரு..."

சுண்ணாம்பு மட்டை நின்றது.

"வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வராதீய," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தான். எதிரே பூவரச மரத்தடியில் சைக்கிளோடு நின்றான். போய்விடலாம் என்று பெடலில் கால் வைப்பான், எடுப்பான். தூறல் விழுந்தது. தாய்மாமன் வாசலில் நின்று சுரண்டினார். சங்கரபாண்டியன் வெள்ளம் திரும்பிப் போன கதையைச் சொன்னார். தாய்மாமன் சம்மதமாகத் தலையாட்டினார். முடிந்தது... எல்லாம் முடிந்தது...

முத்துக்கனி வெற்றிலைத் தட்டோடு வந்தாள். தட்டை வைத்தாள். மழையில் இறங்கித் தெருவைக் கடந்து நேராகச் சைக்கிளுக்கு வந்தாள். பொன்னுதுரையைப் பார்க்காமலே சாய டப்பாவையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். வாசல் ஓரத்து விளக்கு மாடத்துக்கு மேலே, எக்கி நின்று, ஒரு கோடு இழுத்தாள்.

"ஏளா!" என்றார் சங்கரபாண்டியன்.

"இந்த மாடத்து விளக்கை யாருப்பா அணைச்சா? வெள்ளந்தானே. நீங்க உரல் மேல ஏறி என்னைத் தோள்ல வச்சிருந்தீய. உங்க கழுத்து வரைக்கும் தண்ணி. கீழத்தெருவுல அழுத சத்தம் விடியுமுன்னே நின்னு போச்சு. எனக்கு இன்னும் கேக்கு." அப்பா பக்கம் திரும்பினாள். "வெள்ளம் உங்களைப் பாத்துத் திரும்பலப்பா. நீங்கதான் அசையாம நின்னீய."

தாய்மாமன் தன் நகத்தைப் பார்த்தார். குடையை விரித்தார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

சங்கரபாண்டியன் வாயைத் திறந்தார். கதை எதுவும் வரவில்லை. பூவரச மரத்தைப் பார்த்து, "ஆமா தம்பி... கழுத்து வரைக்கும்," என்றார். பிறகு மெல்ல, "நனைஞ்ச வீட்டுக்கு இனி எவன் வருவான்?"

பொன்னுதுரை தெருவைக் கடந்தான். கண்ணாடி முழுக்க மழை. கழற்றினான்.

"எங்க வீடு தூத்துக்குடியில கடலோரம். புயலடிச்சா அடுப்புல நண்டு குடியிருக்கும். எங்கம்மாவும் வருஷா வருஷம் சுண்ணாம்புதான் அடிக்காங்க." கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். "அப்புறம்... எனக்கு நீச்சல் தெரியாது."

"தெரியும்," என்றாள் முத்துக்கனி. "முழங்கால் தண்ணிக்குச் சைக்கிளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்ததைத் தினமும் பாத்தேனே."

"தெரியாதவன் ஏன் தினமும் வந்தேன்னு கேக்கலியே?"

"இப்பக் கேக்கேன்."

"உங்களைப் பாக்கத்தான்..."

மேகம் அடைத்து வைத்த அந்தக் கண்கள் ஒருவழியாகக் கொட்டின. மழையில் அது மழையாகவே போனது. கையிலிருந்த சிவப்புச் சாயம் அவன் சட்டையில் எப்படி ஒட்டியது என்பதை இருவருமே கடைசிவரை சொல்லவில்லை.

சங்கரபாண்டியன் தன் கட்டைவிரல் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி... உங்க வீட்டுச் சுவரை நான் வந்து பாக்கணும்."

"சுரண்ட வேண்டாம்ப்பா," என்றாள் முத்துக்கனி. "எனக்கு நீச்சல் தெரியும்."