அப்பா சொல்லிக்கொடுத்த விளையாட்டு

மகள் ஓடிவந்து கட்டிக்கொண்ட விதத்தில் ஏதோ சரியில்லை. அவளுடைய மூக்கு அம்மாவின் கழுத்தில் அழுந்தி, காதுக்குப் பின்னால் போய், முழங்கை மடிப்புவரை நிதானமாக இறங்கியது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்ததில் உடம்பெல்லாம் ஒட்டியிருந்த ஈரத்தூளின் வாசனையைக் குழந்தை ஆழமாக இழுத்துப் பார்த்தது.

"கடை வாசனைதான். வேற எதுவும் இல்ல."

"யாருடி இப்படி மோந்து பாக்கச் சொன்னது?"

"அப்பாதான். சரியாச் சொன்னா மார்க் போடுவார்." உதட்டை ஒரு பக்கமாகச் சுழித்துக்கொண்டு கேட்டாள்: "என்ன மேடம், இன்னிக்கு லேட்டு?"

சுழிப்பும் அவனுடையதுதான்.

இப்போதெல்லாம் அவன் கைநீட்டுவதில்லை. தேவைப்படவில்லை. "தாராளமாப் போ, கதவு திறந்துதானே கிடக்கு? புள்ள மட்டும் இங்க இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். போலீஸிடம் காட்ட ஒரு கீறல்கூட இல்லை. அக்காவே அலுத்துப்போயிருந்தாள். "இந்தத் தடவையாவது வருவியா, இல்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவியா?" என்று மதியம் போனில் கேட்டாள்.

"இந்தத் தடவை புள்ளையையும் கூட்டிட்டு வரேன்க்கா. அவர் வர்றதுக்குள்ள கிளம்பிடுவோம்."

வெயில் இன்னும் இறங்கவில்லை. "பெரியம்மா வீட்டுக்குப் போலாமா?" என்றாள். மகள் அம்மாவின் கைகளையே பார்த்தாள்.

படுக்கையறைப் பரணில், நாப்தலின் நெடியடிக்கும் போர்வைகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவியபோது, பக்கத்து வீட்டு டிவியில் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பதும், சமையலறைக் குழாய் சொட்டுவதும், அவற்றுக்கு நடுவே எங்கோ ஸ்டூல் தரையில் உரசி நகர்வதும் கேட்டது. ஒளித்துவைத்திருந்த துணிப்பை கைக்கு வந்தது.

கூடத்தில் யாரும் இல்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது.

மகள் கைப்பிடிச் சுவர்மேல் நின்றிருந்தாள். நாலாவது மாடி. ஒரு கை துணிக்கம்பியில். முகம் வீட்டைப் பார்த்து.

"நீ பையை எடுத்தா நான் ஏறணும். அதான் விளையாட்டு."

"இறங்குடி செல்லம்."

"கிட்ட வராதம்மா. வந்தா நான் ஒரு அடி பின்னால வைக்கணும்."

பின்னால் எதுவும் இல்லை.

பையைக் கீழே வைத்தாள். மெதுவாக. "பாரு, வெச்சுட்டேன். அம்மா எங்கயும் போகல."

"அப்பா வந்து பாத்தாதான் இறங்கலாம்."

கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தை அழவில்லை.

கீழே அவனுடைய பைக் வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. படியேறும் சத்தம் இல்லை.

மகள் தோளுக்கு மேலாகத் திரும்பிக் கீழே பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

கம்பியை விட்டாள். இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினாள்.