விஷம் விடாத குழி

விஷம் விடாத குழியிலும் ரத்த அணுக்கள் கூட்டம் கூடியிருந்தன.

ஆய்வகக்காரன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, கசக்கிவிட்டு, மறுபடி பார்த்தான். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் முதல் வரிசை அவன் ரத்தம், அடுத்தது அவன் மனைவியுடையது. ஆரோக்கியமான ஆளின் ரத்தம் வேண்டுமென்றால் வெளியே தேடாமல் வீட்டிலேயே எடுத்துவிடுவது அங்கே வழக்கம். நேற்றுக் காலை சமையலறை மேசையில் வைத்து அவளிடம் ஒரு குழாய் ரத்தம் எடுத்திருந்தான்.

சாதாரணக் கிருமி உடம்புக்குள் வந்தால், அதன் முகம் தெரிந்த ஒன்றிரண்டு காவலாளிகள்தான் எழுந்திருப்பார்கள். இவன் ஆராயும் கிருமியின் விஷமோ மொத்தப் பட்டாளத்தையும் தட்டி எழுப்பிவிடும். அவர்கள் திருடனை விட்டுவிட்டு வீட்டை இடிப்பார்கள். எவ்வளவு இடிப்பார்கள் என்பது அப்பா அம்மா கொடுத்த மரபணுவைப் பொறுத்தது. விஷம் பற்றிக்கொள்ளும் கொக்கி ஆளுக்கு ஆள் வேறு. இவன் கொக்கியில் அது வழுக்கிவிடும். அதனால் அந்தக் கிருமி இவன் மூக்கிலேயே வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. பரிசோதனையில் அது தெரிந்த அன்று சக ஊழியர்கள் இவனுக்கு 'எருமை' என்று பெயர் வைத்தார்கள். மூக்கில் தடவச் சொன்ன களிம்பை இவன் பிரிக்கவே இல்லை. ஒன்றும் செய்யாத கிருமிக்கு எதற்கு மருந்து?

அவள் வரிசையில் விஷம் விட்ட குழிகளெல்லாம் கொத்துக் கொத்தாகத் திரண்டிருந்தன. அவள் கொக்கி அப்படி, சரி. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க விஷம் விடாமல் வைத்த குழி?

கை தவறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். தவறியிருக்காது. விஷப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே அந்தக் குழியை நிரப்பி மூடிவிடுவது இவன் பழக்கம். அப்படியென்றால் அந்த ரத்தம் வரும்போதே விழித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது.

முந்தாநாள் கத்தி பட்டு அவள் விரல் வெட்டிக்கொண்டது. எரிகிறது என்றாள். இவன்தான் கட்டுப் போட்டான். கட்டுவதற்கு முன் விரலை மூக்கருகே வைத்து, குழந்தைக்கு ஊதுவது போல ஊதினான்.

போன் செய்தான்.

"என்ன எருமை சார், அதிசயமா இந்த நேரத்துல?"

"விரல் எப்படி இருக்கு?"

"விரலுக்கென்ன, ஜம்முனு இருக்கு. உடம்புதான் யாரோ அடிச்சுத் துவைச்ச மாதிரி இருக்கு. வெயில்லயே போகல, மூஞ்சி செவந்து கெடக்கு. கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு செவக்கல."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். கதவத் திறந்து வை."

"காய்ச்சலுக்கா? பக்கத்து வீட்டுல சிரிப்பாங்க."

அவள் நாக்கு குழறியது. அதை இவன் கவனித்தான். பயம் வரவில்லை. கை கால்கள் யாருடையவையோ போல வண்டியை ஓட்டின.

அந்தி சாய்ந்துவிட்டது. கதவு திறந்திருந்தது. வீட்டுக்குள் விளக்கில்லை, வாந்தியின் புளித்த வாடை, குளியலறையில் மூடாத குழாய், நனைந்த துணி, படுக்கையறைப் பக்கமிருந்து நாய் இரைப்பது போன்ற மூச்சு. இவர்கள் வீட்டில் நாய் கிடையாது.

விளக்கைப் போட்டான்.

கழுத்து சிவப்பு. கை சிவப்பு. சட்டை விலகிய முதுகு முழுக்கச் சிவப்பு.

"கிட்ட வாங்க... குளுருது."

வாசலிலேயே நின்றான். மூக்கைப் பொத்திக்கொண்டான். மூச்சு விரலிடுக்கு வழியே போனது. வந்தது.

"என்ன இது, என்னைப் பாத்து மூக்கப் பொத்தறீங்க?"

கையை எடுத்தான். போனான். முதுகில் உள்ளங்கையை வைத்தான். அடுப்பு மாதிரி இருந்தது.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம்.

"வந்துட்டாங்க. எழுந்திரு."

மூச்சு மட்டும்.

கையை எடுத்தான். அழுத்திய இடம் வெளுத்திருந்தது. ரத்தம் ஓடும் உடம்பில் கண்ணிமைப்பதற்குள் மறுபடி சிவக்கும். இவனுக்குத் தெரியும்.

காத்திருந்தான்.

சிவந்த முதுகின் நடுவே ஐந்து வெள்ளை விரல்கள். இவனுடையவை. அப்படியே இருந்தன.