செ.மீ. போட்டால் தப்பா?

கணக்கு டீச்சர் மடிக்கணினியைத் திறந்தபோதே ஆமை நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆமை என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்கை மூன்று தடவை சரிபார்த்த பிறகே விடை எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். அத்தனை சரிபார்த்தும் சில சமயம் தப்பாகவே வரும். அது வேறு விஷயம்.

"இன்னிக்கு நோட்டுல தேர்வு இல்ல" என்றார் டீச்சர். "பத்துக் கேள்வி. டேப்லெட்டுல விடையைத் தட்டுங்க. சரின்னா பச்சை, தப்புன்னா சிவப்பு. ஒவ்வொண்ணையும் ஒரே ஒரு தடவை திருத்தலாம். மணி அடிச்சதும் மார்க் தானாவே உங்க வீட்டு போனுக்குப் போயிடும்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் ஆமைக்கு அப்பாவின் நினைவு வந்தது.

அவள் அப்பா ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவர். போன மாதம் கணக்கில் அவள் நாலு வாங்கியபோது அவர் கத்தவில்லை. "அடுத்த தடவையும் அஞ்சுக்குக் கீழ வந்தா நீச்சல் கிடையாதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். கோபத்தில் சொன்னால் மறுநாள் மறந்துவிடுவார். மெதுவாகச் சொன்னால் அவ்வளவுதான், மறக்கவே மாட்டார். தண்ணீருக்குள் இறங்கினால் ஆமையை யாராலும் பிடிக்க முடியாது. அந்த ஒன்றும் போய்விட்டால் அவளுக்கென்று என்ன மிஞ்சும்?

கடைசி வரிசையில் தலைமையாசிரியை குறிப்பேட்டோடு வந்து உட்கார்ந்தார். புது முறை சரிப்படுமா என்று பார்க்க வந்திருந்தார். சரிப்படாவிட்டால் டேப்லெட்டுகள் எல்லாம் மறுபடி அலமாரிக்குள் போய்விடும். டீச்சர் அடிக்கடி ஓரக்கண்ணால் கடைசி வரிசையைப் பார்ப்பதை ஆமை கவனித்தாள். டீச்சர்கூடப் பயப்படுவார் என்று அவள் நினைத்ததே இல்லை.

முதல் கேள்வி, ஒரு சதுரத்தின் சுற்றளவு. ஆமை மூன்று தடவை பார்த்து, '24 செ.மீ.' என்று தட்டினாள்.

சிவப்பு.

அடுத்தது பரப்பளவு. அதுவும் சிவப்பு. மூன்றாவது, நான்காவது, எல்லாம் சிவப்பு. பத்தும் முடிந்தபோது திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. அப்பாவின் மெதுவான குரல் காதுக்குள் கேட்டது.

பக்கத்தில் நெட்டையின் முகமும் வெளுத்திருந்தது. "எனக்கும் முட்டைதான். பத்தையும் ஒரு தடவை மாத்திட்டேன். இருபத்துநாலை இருபத்தாறாக்கூட ஆக்கினேன். அதுவும் தப்புங்குது" என்றாள்.

வகுப்பு முழுக்கச் சிவப்புத் திரைதான். முன் பெஞ்சில் புயல் மட்டும் காலாட்டிக்கொண்டிருந்தான். அவன் திரையில் பத்தும் பச்சை. எல்லாரையும் முந்திக்கொண்டு அவசர அவசரமாக எழுதுகிற புயலுக்குப் பத்துக்குப் பத்தா?

ஆமை எட்டிப் பார்த்தாள். அவனுடையதும் இருபத்துநாலுதான். ஆனால் வெறும் 24. வழக்கம்போலச் சோம்பேறித்தனம், செ.மீ. போடவில்லை.

அலகு போடாதவர்களைக் கண்டாலே டீச்சருக்கு ஆகாது. "இருபத்துநாலு என்ன? ஆடா, மாடா?" என்று கேட்டு அரை மார்க்கைக் குறைத்துவிடுவார். வகுப்பில் புயலைத் தவிர எல்லாருக்கும் அது கைப்பழக்கமாகவே ஆகியிருந்தது.

ஆமை முதல் கேள்வியில் செ.மீ.யை அழித்தாள். வெறும் 24.

பச்சை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கணினிக்கு விடைகளைச் சொல்லிக்கொடுத்தபோது டீச்சரே அலகு போட மறந்திருக்கிறார்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. மற்ற ஒன்பதையும் அழித்துத் திருத்திவிட்டால் அவள் தப்பித்துவிடலாம். ஆனால் நெட்டைக்குத் திருத்த வாய்ப்பே மிச்சமில்லை. எழுந்து நின்று சத்தமாகச் சொன்னால், தலைமையாசிரியை முன்னால் டீச்சரின் மானம் போகும். தான் நினைப்பதே தப்பாக இருந்தாலோ? போன வருடம் ஒருமுறை பலகையில் தப்பு என்று எழுந்து சொல்லி, தப்பு தன்னுடையது என்று தெரிந்து, ஒரு வாரம் வகுப்பே சிரித்தது நினைவுக்கு வந்தது.

ஆனாலும் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டீச்சரின் மேசைக்கு நடந்தாள்.

"டீச்சர்" என்றாள். அவர் காதருகே குனிந்து சொன்னாள், "டீச்சர், நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி எழுதினா இது தப்புங்குது. செ.மீ.யை எடுத்தா சரிங்குது."

டீச்சர் அவள் திரையைப் பார்த்தார். பிறகு தன் திரையைப் பார்த்தார். விரல் அங்குமிங்கும் தேடி ஒரு பொத்தானை அழுத்தியது. எல்லா டேப்லெட்டுகளிலும் 'நிறுத்தப்பட்டது' என்று வந்தது.

"என்ன ஆச்சு டீச்சர்?" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் ஏதாவது சாக்குச் சொல்லுவார் என்று ஆமை எதிர்பார்த்தாள். அவர் நிமிர்ந்து நின்றார்.

"தப்பு என்னோடது மேடம். விடை ஏத்தும்போது அலகு போட மறந்துட்டேன். நல்லவேளை, இவ கண்டுபிடிச்சா."

"அலகு போடலன்னா அரை மார்க் குறைப்பீங்கன்னு கேள்விப்பட்டேனே" என்றார் தலைமையாசிரியை. "இப்ப யாருக்குக் குறைக்கிறது?"

"எனக்குத்தான்" என்றார் டீச்சர். அவரே முதலில் சிரித்தார். அப்புறம் வகுப்பே சிரித்தது.

டீச்சர் அலகைச் சேர்த்ததும், எல்லாருடைய முதல் விடையையும் எடுத்துக்கொண்டு கணினி மறுபடி திருத்தியது. நெட்டைக்கு ஒன்பது. அலகு இல்லாத விடைக்கு அரை மார்க்தான் என்பதால் புயல் பத்திலிருந்து ஐந்துக்கு இறங்கினான். "புயல் வலுவிழந்துடுச்சு" என்றாள் நெட்டை, வானிலை அறிக்கை வாசிக்கிறவளைப் போல.

தலைமையாசிரியை எழுந்தார். "டேப்லெட் அலமாரிக்குப் போக வேண்டாம். அடுத்த தேர்வை முதல்ல இவளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்று ஆமையைக் காட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆமை வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கையில் போன் இருந்தது. அவர் மெதுவாகத்தான் கேட்டார். "எட்டு வாங்கியிருக்கே. அந்த ரெண்டு ஏன் போச்சு?"

கணினிமேல் பழியைப் போட்டுவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

"அது ரெண்டும் நிஜமாவே என் தப்புப்பா. உருளையோட கன அளவு எனக்கு இன்னும் சரியா வரல."

அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ராத்திரி சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் போட்டுப் பார்க்கலாம்" என்றார். "இப்ப கிளம்பு, நீச்சலுக்கு நேரமாச்சு."