கன்றுக்குட்டிக்குச் சாப்பாடு போட்டது யார்?

"ஐயோ... கொன்னுட்டாங்க! கொன்னுட்டாங்க!"

அலறல் இரண்டாம் மாடியையே குலுக்கியது!

வாகட் என்ற வடக்கத்தி ஊரில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் செக்யூரிட்டி ஆபீஸர் ஸ்டீபன், பாதி கடித்த வடாபாவை மேசையில் போட்டுவிட்டு மாடிப்படிகளில் பாய்ந்தார். ராணுவ போலீஸில் இருபது வருடம் இருந்தவர். பிணம் என்றால் அவருக்குப் பயமில்லை. பசிக்குத்தான் பயம்.

லேபுக்குள் ப்ரியம்வதா. பிஎச்.டி. மாணவி. கண் நிறைய நீர்!

"யாரும்மா செத்தது? பாடி எங்க?"

"பாடி இல்ல அங்கிள்... செத்தது என் பிஎச்.டி.!"

அட ராமா!

ஸ்டீபன் மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"விவரமா சொல்லும்மா."

"ஒரு கன்னுக்குட்டி, ஒரு கிழட்டுப் பசு. ரெண்டுகிட்டயும் துளியூண்டு தசை எடுத்து, அந்த செல்களைத் தனித்தனி ஃப்ளாஸ்க்ல வளர்க்கறேன். செல்லுங்க புரதத்தை வெளியே விடும். குட்டியோடது எதை விடுது, கிழவியோடது எதை விடுதுன்னு பார்க்கணும்."

"சரி..."

"பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் பட்டினி போடணும். வழக்கமா அதுங்களுக்குச் சாப்பாடு சீரம். மாட்டு ரத்தத்துல எடுக்கறது. அதுலயே புரதம் கொட்டிக் கிடக்கும். ஊத்திட்டா எது செல் விட்டது, எது சீரத்தோடதுன்னே தெரியாது!"

"யாரோ ஊத்திட்டாங்களா?"

"நேத்து சாயங்காலம் நான் கிளம்பினப்புறம்! கன்னுக்குட்டி ஃப்ளாஸ்க்ல மட்டும்! காலைல டெஸ்ட் பண்ணினா பூரா சீரம்!"

"மறுபடியும் பண்ணேன்."

"மூணு வாரம் ஆகும். என் கெடு இந்த வெள்ளிக்கிழமை! அஞ்சு வருஷம் அங்கிள்... அஞ்சு வருஷம்!"

படார்! கதவு திறந்தது.

புரொபசர் மகாதேவன்! ப்ரியம்வதாவின் கைடு. அவர் தும்மினால்கூட அடுத்தவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள்.

"எக்ஸ்டென்ஷன் அது இதுன்னு என் ரூம் பக்கம் வராதே! ஒரு நாள்கூடக் கிடையாது!"

"சார்... இது அபினவ் வேலை!"

பக்கத்து மேசையில் இருந்த சக மாணவன் அபினவ் துள்ளி எழுந்தான்.

"அரே! நான் எதுக்கு பண்ணணும்?"

"உன் தீசிஸ் முதல்ல வரணும்னு!"

"அப்டின்னா ரெண்டு ஃப்ளாஸ்க்லயும் ஊத்தியிருப்பேனே! பாதி வேலை பண்ண நான் என்ன பாகலா, பைத்தியமா?"

ஸ்டீபனின் புருவம் உயர்ந்தது. பயல் சொன்னதில் விஷயம் இருந்தது. கெடுக்க வந்தவன் கிழட்டுப் பசுவை ஏன் விட்டுவைத்தான்?

"சீரம் பாட்டில் எங்கம்மா இருக்கும்?"

"சார் ரூம் ஃப்ரிட்ஜ்ல. விலை ஜாஸ்தி, பூட்டியே வெச்சிருப்பார்."

"சாவி?"

"ஒண்ணே ஒண்ணுதான். சார்கிட்ட..."

மூன்று தலைகளும் மெல்லத் திரும்பின.

மகாதேவனின் கை பேன்ட் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டது.

"சார்... நேத்து சாயங்காலம் இங்க வந்தீங்களா?" என்றார் ஸ்டீபன்.

"வ... வந்தேன். என் லேபுக்கு நான் வரக் கூடாதா?"

"ஊத்தினீங்களா?"

மனுஷன் உடைந்தார்!

"மைக்ராஸ்கோப்ல பார்த்தேன் ஸ்டீபன்... கன்னுக்குட்டி செல்லெல்லாம் வாடிச் சுருங்கிக் கிடந்தது. இந்தப் பொண்ணு சாப்பாடு போட மறந்துட்டாளோன்னு... சின்னக் குழந்தையாச்சே, மனசு கேக்கலை..."

"சார்! பட்டினி போடணும்னு ரூல் எழுதினதே நீங்கதானே!"

"எழுதிப் பதினெட்டு வருஷம் ஆச்சும்மா. அதுக்கப்புறம் ஃப்ளாஸ்க்கையே தொடலை. சுத்தமா மறந்துட்டேன்."

"அப்ப அந்தக் கிழட்டுப் பசு?" என்றான் அபினவ்.

"அதுக்கு வயசாச்சு... பொறுத்துக்கும்னு விட்டுட்டேன்."

ப்ரியம்வதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும்! இரண்டில் சிரிப்பு ஜெயித்தது.

ஸ்டீபன் பிரின்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி அவள் முன்னால் வைத்தார்.

"எக்ஸ்டென்ஷன் லெட்டர் எழுதும்மா. சார் கையெழுத்துப் போடுவார். போடுவீங்கல்ல சார்?"

"ஆறு மாசம்னு எழுதிக்கோம்மா..." என்றார் மகாதேவன், ஈனஸ்வரத்தில்.

ப்ரியம்வதா மளமளவென்று எழுதினாள். சட்டென்று பேனா நின்றது.

"அங்கிள், தாமதத்துக்குக் காரணம் என்னன்னு எழுத?"

"'என் கைடுக்குத் திடீர்னு இரக்கம் வந்துடுச்சு'ன்னு எழுது... யூனிவர்சிட்டியில எவனும் நம்ப மாட்டான்!"